ஆடி மாதத்தில் முகூர்த்த விலை

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் படப்பை மலர் சாகுபடியாளர் சங்கத் தலைவர் பெரியவர் நடேசன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் போதகர் சாம்சன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், யாக்கோபு ஐயாவின் துணைவியார் ரத்னா அண்ணி அவர்களே, பூப்பறிப்பை முடித்த கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் கங்கா. முகத்தைப் பார்த்தால் உங்களுக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தெரியும். தினமும் விடிகிற நேரத்தில் வானொலியில் சந்தை நிலவரம் படித்து உங்கள் தூக்கத்தைக் கெடுப்பவள் நான்தான். கெடுக்கச் சொன்னவர் யாக்கோபு ஐயா. அந்தப் பழியை அவர்மேல் போட இன்று ஒரு நாள் எனக்கு உரிமை கொடுங்கள்.

எங்கள் நிலையத்தின் வணிக, பொருளாதார நிகழ்ச்சிகளுக்குத் தயாரிப்பாளராக இருந்த ஐயா யாக்கோபு அவர்கள், சென்ற மாதம் மதியச் சாப்பாட்டுக்குப் பின் நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. துன்பம் இல்லாமல் போனார் என்பதில் எங்களுக்கு ஆறுதல். அழத்தான் கூடியிருக்கிறோம். ஆனால் அவரைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் சிரிப்பு வருகிறது. நான் என்ன செய்ய?

இந்த ஆண்டு முழுவதும் பொருளாதாரம் பேசாதவர் உண்டா? ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். புதிய தொழிற்கொள்கை வந்தது. பேராசிரியர்களும் வங்கி அதிகாரிகளும் எங்கள் ஸ்டுடியோவுக்கு வரிசையாக வந்தார்கள். குன்றத்தூர்க்காரரான ஐயா எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "சார், நீங்க சொல்றது எங்க ஊரு பக்கம் யாரு வூட்டு அடுப்புல போய் முடியுது?" பதில் வருகிறவரை ஒலிப்பதிவைத் தொடங்க மாட்டார். கோபித்துக்கொண்டு எழுந்து போனவர்களும் உண்டு. அவர்களை வாசல்வரை போய்ச் சமாதானம் செய்து, காபி வாங்கிக் கொடுத்து, மறுபடி அதே கேள்வியைக் கேட்பார்.

டாலர் விலை அவருக்கு எவ்வளவு முக்கியமோ, மல்லி விலையும் அவ்வளவு முக்கியம். சென்னைப் பூக்கடைச் சந்தையில் விடியுமுன் விலை விசாரித்துத் தொலைபேசியில் சொல்ல ஆள் வைத்தார். நான் அதைப் படித்து நாடாவில் பதிவு செய்வேன். வியாபாரியின் வண்டி இங்கே வந்து நிற்பதற்குள் பட்டணத்து விலை உங்கள் காதில் விழுந்திருக்கும். அதற்கு முன்னால் வியாபாரி வாயில் வந்ததுதானே விலை?

அப்படிப்பட்ட நிலவரத்தில்தான் ஒரு நாள் தவறு நேர்ந்தது. பட்ஜெட் வந்த வாரம், சனிக்கிழமை. ஆடி வெள்ளிக்கு அம்மன் கோயில்களுக்குப் போக வேண்டிய பூவெல்லாம் போய்விட்டது. ஆடியில் கல்யாணமும் கிடையாது. மல்லியைக் கேட்பார் இருக்க மாட்டார்கள் என்பது இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நிலையத்திலோ பட்ஜெட் பேச்சு நாடாக்கள் மேசை கொள்ளாமல் குவிந்து கிடந்தன. அந்த அவசரத்தில், ஆனி மாத முகூர்த்த நாளில் பதிவு செய்த பழைய நாடாவை எடுத்து ஒலிபரப்பிவிட்டார்கள். அன்று எனக்கு விடுப்பு. நான் வீட்டில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். என் குரல் மட்டும் ஊரெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

நீங்கள் அதை நம்பினீர்கள். ஆடி மாதத்தில் முகூர்த்த விலையா என்று யாரும் கேட்கவில்லை. இதோ இருக்கிறாரே பாஞ்சாலி, அவர் காரணம் கூடக் கண்டுபிடித்தாராம்: "பட்ஜெட்ல அல்லாத்தையும் ஏத்திக்கினு கீறாங்க, பூவையும் ஏத்திட்டாங்க." வியாபாரி இளம்பரிதி தலையில் அடித்துக்கொண்டார். ரேடியோ விலைக்குக் குறைந்து ஒருவரும் பூ கொடுக்கவில்லை. வண்டி காலியாகத் திரும்பியது. மொட்டுகள் விரிந்துவிட்டன. விரிந்த மல்லியை யார் வாங்குவார்?

உங்களில் ஒருவரான கோவிந்தம்மா அக்கா விரிந்த பூவைக் கூடையோடு தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். எங்கள் நிலைய வாசலில் வந்து நின்றார். "யாருய்யா இங்க வெல சொல்றது? ஆடி மாசத்துல எவன்யா கண்ணாலம் பண்றான்?" என்று கேட்டார். காவலருக்கு ஒன்றும் புரியவில்லை. ஐயா ஓடி வந்து கூடையை வாங்கித் தம் மேசைமேல் வைத்தார்.

"தப்பு எங்களோடதும்மா."

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம்? ரேடியோல சொல்லு. சொல்லாங்காட்டி, நாளைக்கு நீ நெசமான வெலைய சொன்னாக்கூட எவன் நம்புவான்?"

நம்பிக்கை போனால் நிலவரமே போயிற்று. ஐயா நேராக மேலதிகாரியிடம் போனார். அரசாங்க வானொலி தவறு செய்ததாக அரசாங்க வானொலியே சொல்வதா என்று அதிகாரி தயங்கினார். பேசாமல் சரியான விலையைப் படித்துவிடுங்கள், யாரும் கவனிக்க மாட்டார்கள் என்றார். "அந்தம்மா கவனிச்சுட்டாங்களே சார்" என்றார் ஐயா. மீறினால் வேலைக்கே ஆபத்து. ஓய்வுபெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர் அவர்.

மறுநாள் காலை ஒலிவாங்கி முன் அவரே உட்கார்ந்தார். "நேற்றுச் சொன்ன மல்லி விலை பழைய விலை. தவறு என்னுடையது. என் பெயர் யாக்கோபு. நட்டப்பட்டவர்கள் மன்னிக்க வேண்டும்." நாடாவை மாற்றி எடுத்தவர் யார் என்பதை அவர் கடைசிவரை வெளியே சொல்லவில்லை.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ஊதிய உயர்வை நிறுத்திவைத்தார்கள். கோவிந்தம்மா அக்காவின் கூடையை ஐயா முகூர்த்த விலைக்கே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். "வூடு பூரா பூ வாசனை வந்துச்சு, சம்பளம்தான் சரியா வரல" என்று ரத்னா அண்ணி இன்றும் சொல்கிறார். இதோ, இப்போதும் சிரிக்கிறார்.

திங்கட்கிழமை வண்டியோடு வந்த இளம்பரிதி என்ன சொன்னார் தெரியுமா? "தப்புன்னு அதுவே சொல்லிக்கிச்சுபா. இனிமே ரேடியோ சொல்றதுதான் வெல. வண்டி வாடகைய மட்டும் கழிச்சிக்கிறேன். தெனம் உங்களோட கத்திக்கினு கெடக்க என்னால ஆவாது." அன்று முதல் இங்கே காலைச் சண்டை ஓய்ந்தது. எந்தப் பட்ஜெட் இதைச் செய்தது? யாக்கோபு ஐயா செய்தார்.

அவர் மறைந்த அன்றும் காலையில் நான் விலை படித்தேன். இங்கே வண்டி வந்தது, பூ ஏறியது, பேரம் இல்லாமல் வியாபாரம் முடிந்தது. அதன் பிறகுதான் அவர் போய்விட்டார். அந்த நாளையும் குறையில்லாமல் முடித்துக் கொடுத்துவிட்டே போனார் என்று நினைக்க எனக்கு மனம் நிறைகிறது.

இனி பூ விலை சொல்லும் அந்த நேரத்தைப் பங்குச் சந்தைச் செய்திக்குக் கொடுத்துவிடலாம் என்று நிலையத்தில் ஒரு பேச்சு எழுந்தது. பங்குச் சந்தைக்கு வேறு நேரம் பாருங்கள் என்று நாங்கள் எல்லோரும் சேர்ந்து போய்ச் சொன்னோம். ஒத்துக்கொண்டார்கள். ஒரகடம், இருங்காட்டுக்கோட்டைப் பக்கமெல்லாம் ஆலைகள் வரும் என்கிறார்கள். வரட்டும். அப்போது கூலி நிலவரமும் மனை நிலவரமும் சேர்த்தே சொல்வோம்.

விலை படிப்பவர் பெயரை வானொலியில் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. இனிமேல் சொல்வோம். யாரைக் கேட்பது என்று தெரியாமல் நீங்கள் ஒருவரும் வாசலில் நிற்கக்கூடாது. நாளைக் காலை மல்லி விலை சொல்பவள் கங்கா. விலை பிசகினால், மறுநாள் காலை மன்னிப்புக் கேட்பவளும் கங்காதான்.