கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டியது நான் மட்டுமே

பெயர்: அனன்யா. தந்தை பெயர்: வெங்கடரமணன். வயது: பதினேழு வருடம் நான்கு மாதம். தொழில்: பிளஸ் டூ மாணவி. விலாசம்: ராஜா அண்ணாமலைபுரம், மூன்றாவது குறுக்குத் தெரு, இரண்டாம் மாடி. இன்று செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு, எங்கள் வீட்டுக் கூடத்தில், என் அம்மா ஸ்ரீலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, சிறப்பு உதவி ஆய்வாளர் ரத்னா அவர்கள் விசாரித்ததன் பேரில் என் கைப்பட எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். யாரும் என்னை மிரட்டவில்லை. அம்மா முறைக்கிறார், அது மிரட்டலில் சேராது என்று மேடம் சொன்னார்.

நான் மயிலாப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் படித்து வருகிறேன். அங்கே என் மேல் ஏற்கெனவே மூன்று புகார்கள் உண்டு. மூன்றும் உண்மை. ஆண்டு விழாவில் தலைமை விருந்தினர் பேச எழுந்ததும் வீட்டுக்கு விடும் மணியை அடித்தது அதில் ஒன்று. மூன்று முறையும் யாரும் கேட்பதற்கு முன்பே நானே போய் நான்தான் என்று சொன்னேன். எனவே இந்த முறை சொல்வதையும் நம்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பள்ளியில் இரண்டு வருடமாகத் தற்காலிக விளையாட்டு ஆசிரியையாக இருப்பவர் ஷீலா மிஸ், வயது இருபத்தேழு. அடையாற்றங்கரையில் குடியிருந்து, வீடுகளை இடித்த பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர். அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறார். அவர் இந்திய மகளிர் ரக்பி அணிக்காக ஏழு வருடத்தில் பதினோரு சர்வதேச ஆட்டங்கள் ஆடியிருக்கிறார். முதல் ஆட்டத்துக்கு இரவல் ஷூவில் துணி அடைத்துக்கொண்டு போனவர். நான்காவது ஆட்டத்தில் தோள் எலும்பு முறிந்து, ஐந்தாவதுக்குத் திரும்பி வந்தவர். ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவது, எதிரணி பிடித்துக் கீழே சாய்ப்பது. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஆடும் அமெரிக்க ஆட்டம் வேறு. இந்த வித்தியாசத்தை எங்கள் தாளாளர் வேதாந்தம் அவர்களுக்கு ஷீலா மிஸ் ஆறு முறை விளக்கியிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாலவாக்கம் கடற்கரையில் எங்கள் ஏழு பேருக்கு மிஸ் பயிற்சி கொடுப்பார். எட்டாவது ஆட்டத்தில் அவருக்கு முன்பல் இரண்டு போய்விட்டன. பயிற்சிக்கு முன்பு கட்டுப்பல்லைக் கழற்றி ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு என்னிடம் கொடுப்பார். "வாலு, பத்திரம். இது இல்லாங்காட்டி நாளைக்கு விசிலு ஊத முடியாது" என்பார். அந்த டப்பா என் பொறுப்பு.

இந்த மாதம் இருபதாம் தேதி அணி மணிலாவுக்குப் புறப்படுகிறது. மிஸ் பெயர் பட்டியலில் இருந்தது. சென்ற வெள்ளிக்கிழமை பன்னிரண்டு நாள் விடுப்பு கேட்டுத் தாளாளர் அறைக்குப் போனார். பந்துப் பையைத் தூக்கி வந்த சாக்கில் நான் வாசலிலேயே நின்றேன். "டிவில கூட வராத ஆட்டத்துக்குப் பன்னண்டு நாளா? தாராளமா போம்மா. ஆனா திரும்பி இங்க வரவேண்டாம்" என்று தாளாளர் சொன்னது என் காதில் விழுந்தது. போன வருடமும் இதே பதிலுக்குப் பயந்து ஒரு தொடரை விட்டவர் மிஸ்.

அதன் பிறகு ஞாயிறன்று கடற்கரைக்கு வந்தவர், "வரலைன்னு ரக்பி சங்கத்துக்கு எழுதிட்டேன், நாளைக்குப் போஸ்ட் பண்ணணும். போதும்ப்பா. என் சம்பளம் இல்லாம வூடு ஓடாது. ஏழு வருசம் ஆடினது ஆடினதா இருக்கட்டும்" என்றார். அன்று அவர் டப்பாவை என்னிடம் கொடுக்கவில்லை. மணலில் உட்கார்ந்து நாங்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் நேராக ஒரு போஸ்டர் கடைக்குப் போனேன். எந்தக் கடை என்று சொல்ல மாட்டேன், மேடம் மூன்று முறை கேட்டும் சொல்லவில்லை. மேலே மிஸ் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் "இந்தியாவுக்காகப் பதினோரு ஆட்டங்கள் ஆடிய ஷீலா", அதற்கும் கீழே பொடி எழுத்தில் "அவர்களின் ரக்பி வாழ்க்கைக்கு", அதன் பிறகு மறுபடி பெரிதாக "கண்ணீர் அஞ்சலி". மறைவு: சென்ற வெள்ளிக்கிழமை. எழுத்தைப் பொடியாக்கச் சொன்னது நான். கடைக்கார அண்ணன், "கீழ துயரத்துடன்னு யாரு மூஞ்சி போடறது பாப்பா? மூஞ்சி இல்லாத அஞ்சலி போஸ்டரு நான் அடிச்சதே இல்ல" என்றார். அதனால் பள்ளி டைரியின் முதல் பக்கத்திலிருந்து தாளாளர் படத்தைக் கொடுத்தேன். கைகூப்பிய படம், பொருத்தமாக இருந்தது.

அன்று மாலை வீட்டிலேயே பசை காய்ச்சினேன். "ஆத்துல ஒரு பிடி மைதா இல்லையே, எங்கேடி போச்சு?" என்று அம்மா கேட்டதற்கு, வண்டு வந்ததால் கொட்டிவிட்டதாகச் சொன்னேன். அது பொய். இந்த விவகாரத்தில் நான் சொன்ன ஒரே பொய். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, சைக்கிளில் தனியாகப் போய், பள்ளிச் சுவர், குளத்தங்கரை, தேனாம்பேட்டை பஸ் நிறுத்தம் ஆகிய இடங்களில் பன்னிரண்டு போஸ்டர் ஒட்டினேன்.

அதன் பிறகு நடந்ததற்கு எண்ணூறு பேர் சாட்சி. தாளாளர் காலையில் போஸ்டரைப் பார்த்திருக்கிறார், பொடி எழுத்தைப் படிக்கவில்லை. ஆபீசில் யாரோ முறைப்படி தன் பெயரில் அடித்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். தன் படம் நன்றாக விழுந்திருந்ததால் யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. எட்டரை மணிக்கு அசெம்பிளியில் மைக்கைப் பிடித்தார். "ஷீலா நம்ம ஸ்கூலோட சொத்து. பதினோரு தடவை தேசத்துக்காக ஆடின பொண்ணு. எங்கிட்ட அவ கேட்டு நான் எதையாவது இல்லேன்னு சொன்னதுண்டா? இப்ப எழுந்து வந்து லீவு குடுங்கோன்னா, எத்தனை நாள் வேணாலும் குடுப்பேனே!" என்றார். அதன் பிறகு இரண்டு நிமிட மௌனம் அறிவித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பஸ் தாமதமாகி ஷீலா மிஸ் விசிலுடன் கேட்டுக்குள் வந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அலறினார்கள். எங்கள் பள்ளி மைக் தெருமுனை வரை கேட்கும். மிஸ் நேராக மேடையேறி, "வந்துட்டேன் சார். பன்னண்டு நாள் போதும்" என்றார். எண்ணூறு பேரும் கை தட்டினோம். தாளாளர் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

இறங்கி வந்த மிஸ் என்னைப் பார்த்து, "நீதானே வாலு? உன்னிய உசுரோட பொதைக்கணும்டி" என்றார். அதைக் கொலை மிரட்டலாகப் பதிய வேண்டாம்.

அதன் பிறகு மிஸ்ஸின் அம்மா முத்தம்மா வந்தார். தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தைப் பெருக்கி முடித்து நிறுத்தத்துக்கு வந்தவருக்கு யாரோ போஸ்டரைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். அவர் அங்கே வேலை செய்வது எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும். நான்தான் என்று போய்ச் சொன்னேன். கன்னத்தில் ஓர் அறை கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். அவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன், வேறு யாரிடமும் கேட்பதாக இல்லை. போகும்போது அவர், "போட்டோல எம் பொண்ணு சோக்காக் கீறா. கீழ கீற எழுத்தக் கிழிச்சுட்டு ஒண்ணு குடு" என்றார். கிழித்துக் கொடுத்தேன்.

அன்று பிற்பகல் தாளாளர் கொடுத்த புகாரில், ஷீலா தூண்டிவிட்டுத் தன்னை அவமானப்படுத்தியதாக எழுதியிருக்கிறார். இன்று மூன்று மணிக்கு மைதானத்தில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவரை அப்படியே விசாரணைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். வழக்கில் அவர் பெயர் ஏறினால் இருபதாம் தேதி விமானம் அவர் இல்லாமல் போகும் என்று மேடமே சொல்கிறார். யோசித்தது, அடித்தது, காய்ச்சியது, ஒட்டியது எல்லாம் நான். மிஸ்ஸுக்கு எதுவும் தெரியாது. இந்த வரியை அடிக்கோடிட்டால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன், அம்மா தலையில் அடித்துக்கொண்டார், மேடம் தன் பேனாவால் கோடு போட்டார்.

பயிற்சி தொடங்கும்போது மிஸ் டப்பாவை என்னிடம் கொடுத்தார். அழைத்துப் போன அவசரத்தில் திரும்ப வாங்கவில்லை. அது இப்போது என் சட்டைப் பையில் இருக்கிறது. மிஸ் காவல் நிலையத்தில் முன்பல் இல்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சாட்சிப் பொருள் என்று கேட்டாலும் தர மாட்டேன், அவர் கையில்தான் கொடுப்பேன்.

மேலே எழுதியவை அனைத்தும் நான் சுயநினைவோடு எழுதிய உண்மைகள். போஸ்டரில் உள்ள மறைவுத் தேதி மட்டும் தவறு, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

(ஒப்பம்) வெ. அனன்யா

முன்னிலை: ஸ்ரீலக்ஷ்மி, தாயார்