தெறிக்காம பொரிக்கிற வழி

பையக் கீழ வை, மச்சான். அவ துணிமணி எங்கயும் ஓடிப் போயிடாது. ஒக்காரு. அங்க இல்ல, அடுப்பு தெரியற மாதிரி இந்தப் பக்கம். உன் அக்கா லிஸ்டு எழுதிக் குடுத்தாளா? குடு, பாப்போம். பிரஷர் மாத்திரை, படிக்கிற கண்ணாடி, பச்சை ஸ்வெட்டர். மூணு வாரமா கண்ணாடி இல்லாமயா இருக்கா? சொல்லி அனுப்பியிருந்தா குடுத்திருப்பேன். நான் என்ன ராட்சசனா?

எடுத்துட்டுப் போ. ஆனா அரை மணி கழிச்சுப் போ. ஒண்ண உன் கண்ணால பாத்துட்டுப் போய் அவகிட்ட சொல்லணும். அதுக்குத்தான் பேக்கன் வாங்கி வெச்சிருக்கேன், உப்புல ஊறப்போட்ட பன்னிக்கறி.

சிரிக்காத. எதுக்கு வீட்ட விட்டுப் போனேன்னு உன்கிட்டயாவது சொன்னாளா? அதான். இந்த அடுப்பத் தொடைச்சு மாளலன்னு. முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்துனவ, கொழுப்பு தெறிக்குதுன்னு கெளம்பிட்டா. வெளிய சொன்னா எவனும் வாயால சிரிக்க மாட்டான். கொழுப்பு யாருக்கு, வாணலிக்கா அவளுக்கா?

சரி, பாரு. ஒரு தடவதான் சொல்லுவேன்.

இது ட்ரே. ஃபாயில் பேப்பர விரி. பத்தாது. ஓரமெல்லாம் மேல ஏறி நிக்கணும், கிண்ணம் மாதிரி. அதுக்கு மேல இந்தக் கம்பித் தட்டு. இப்ப பேக்கன். பிரிச்ச உடனே அள்ளிப் போடாத. டிஷ்யூ பேப்பரால ஒத்தி எடு. தேய்க்காத, அது என்ன உன் மூஞ்சியா? ஒத்துன்னேன். ஈரம் இருக்கவே கூடாது. தண்ணியும் சூடான கொழுப்பும் நாத்தனாரும் தம்பி பொண்டாட்டியும் மாதிரி. ஒரே எடத்துல வெச்சா தெறிக்கும். மூணு வாரமா உன் வீட்ல பாத்துக்கிட்டுத்தானே இருக்க.

ஒத்துமையா இருக்காங்களா? இருப்பாங்க இருப்பாங்க. உன் காதுல விழற வரைக்கும்.

ஒண்ணு மேல ஒண்ணு படாம அடுக்கு. ஆச்சா? இப்ப அவன்ல வைக்கணும். எவன்லயா? அடுப்புக்குக் கீழ வாயப் பொளந்துகிட்டு இருக்கே, இந்த அவன். உன் அக்கா இதுக்குள்ள பழைய பாத்திரத்தையெல்லாம் அடைச்சு வெச்சிருந்தா. அவ போன அன்னிக்கே எடுத்துத் தூரப் போட்டேன். எங்கயா? குப்பைலதான். உங்க அம்மா குடுத்ததா அது? எனக்கென்ன தெரியும். பேரு எழுதியிருந்துச்சாமா? நான் பாக்கல.

முன்னாடியே சூடு பண்ணாத. ஆறிக் கெடக்கற அவன்ல வெச்சுட்டு, அப்பறம் திருகு. இருநூறு டிகிரி. சூடு மெதுவா ஏறும்போது கொழுப்பு தானா உருகி கம்பி வழியா எறங்கிடும். தெறிக்காது, சுருண்டுக்காது, திருப்பிப் போடற வேலையும் இல்ல. இருபது நிமிஷம். கதவத் தொறந்து தொறந்து எட்டிப் பாக்காத. அது என்ன கல்யாணப் பொண்ணா?

அது வேகட்டும். நீ எந்திரிச்சு வந்து இந்தச் சுவத்தத் தொடு. டைல்ஸத் தடவு. கடிக்காது, தடவு. பிசுக்கு இருக்கா? மூணு வாரமா தெனம் பண்றேன். ஒரு சொட்டு இல்ல. தொடைக்கிற துணி பாரு, காஞ்சு அப்பளமாத் தொங்குது. இத அவகிட்ட சொல்லு. நான் கூப்பிட்டேன்னு சொல்லாத. நான் யாரையும் கூப்பிடல. பேச்சுவாக்குல, அத்தான் வீட்டு அடுப்பு பளிச்சுன்னு இருக்குக்கான்னு சொல்லு. வந்துருவா. வேற எங்க போவா? உன் வீட்டு சோபால எத்தன நாளைக்குக் காலை மடக்கிப் படுப்பா?

அவ கைல பொட்டுப் பொட்டா சுட்ட தழும்பு இருக்கா? பாத்துட்டியா. இருக்கத்தான் செய்யும். நான் பொரிக்கும்போது மூடியக் கேடயமாட்டம் புடிச்சுக்கிட்டு குறுக்க வந்து நிப்பா, சுவத்துல படக்கூடாதுன்னு. யாரு நிக்கச் சொன்னா? உன் மூஞ்சிலயும்தான் அம்மைத் தழும்பு இருக்கு. நான் கேட்டேனா?

மணி அடிச்சிருச்சு. துணியால புடிச்சு எடு, சுட்டுக்காத. கீழ நிக்குது பாரு கொழுப்பு. அத சிங்க்ல ஊத்துனா குழாய் அடைச்சுக்கும். அப்படியே விடு. ஆறி மெழுகாட்டம் உறைஞ்சதும் ஃபாயிலோட சுருட்டிக் குப்பைல போட்டா வேலை முடிஞ்சுது. ட்ரேல ஒரு துளி இருக்கா? கழுவக்கூட வேணாம்.

இந்தா, தின்னு. எப்படி?

என்னடா, கண்ணு கலங்குது? புகையே வரலயே. என்ன சொன்ன? அக்காவுக்காக இந்த வயசுல கத்துக்கிட்டேனா?

யாரு, நானா?

மச்சான், வாய்ல பேக்கன் இருக்கு, மென்னுட்டுப் பேசு. கத்துக்கிட்டேனாம். முப்பத்தோரு வருஷம் ஹோட்டல்ல காலைச் சாப்பாடு பண்ணவன் நான். தெனம் முன்னூறு பேரு. முன்னூறு பேருக்கு எவனாவது வாணலில நின்னு ஒண்ணொண்ணா பொரட்டுவானா? இதே ட்ரே, இதே ஃபாயில், இதே அவன். வேலைக்குச் சேந்த மொத வாரமே இதத்தான் சொல்லிக் குடுப்பாங்க. எனக்கு வந்து சொல்றான், இந்த வயசுல கத்துக்கிட்டேன்னு.

அப்ப வீட்ல எதுக்கு வாணலின்னா? எதுக்குன்னா என்ன அர்த்தம்? ரிடையர் ஆகி வீட்டுக்கு வந்து ஒக்காந்தா, மகாராணி எட்டரைக்கே பைய மாட்டிக்கிட்டு நிக்கறா. எங்கன்னு கேட்டா, நீச்சல் கொளம். ஒம்பதுல இருந்து பத்து வரைக்கும் பொம்பளைங்க நேரமாம். நான் ஹோட்டல் அடுப்படில வெந்துகிட்டிருந்த காலத்துல இவ நீந்தக் கத்துக்கிட்டிருக்கா. சொன்னாளாம், நான்தான் காதுல வாங்கலயாம். அவ போய்த் தண்ணில மெதப்பா, நான் இங்க ஒத்தையில சுவத்தப் பாத்துக்கிட்டு ஒக்காரணுமா?

போகாதன்னு ஒரு நாள் சொன்னதில்ல. அவளையே கேளு. எட்டு மணிக்கு பேக்கனக் குழாய்ல நல்லா ஒரு தடவ காட்டி, உப்ப அலசறேன்னு சொல்லிட்டு, புகையற வாணலில போடுவேன். அவ்வளவுதான் நான் பண்ணது. அடுப்பு, சுவரு, தரை, புகைக் கூண்டு, ஒரு எடம் பாக்கி இருக்காது. அழுக்க அப்படியே விட்டுட்டு வாசப்படி தாண்ட அவளுக்கு மனசு வராது. அந்த மாதிரி வளத்திருக்காங்க உங்க வீட்ல, நல்ல வளப்பு. தொடைச்சு நிமிர்ந்தா பத்தே கால். ஒம்பது வருஷத்துல அவ கொளத்துக்குப் போனது ஆறு தடவையோ ஏழு தடவையோ. எனக்குக் காய்ச்சல் வந்து சாப்பாடு எறங்காத நாள்ல.

என்ன, கீழ வெச்சுட்ட? ஆறுனா நல்லா இருக்காது.

இதெல்லாம் அவகிட்ட சொல்லணும்னு இல்ல. ஆம்பளைக்கு ஆம்பளை பேசிக்கறது. அடுப்பு சுத்தமா இருக்குன்னு மட்டும் சொல்லு.

இனிமே கொளத்துக்கு விடுவேனாவா? நான் எப்ப புடிச்சு வெச்சேன்? தாராளமாப் போகட்டும். பேக்கன் இனி ஒரு பொட்டு தெறிக்காது. வேணும்னா எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்.

என்னமோ, இப்பல்லாம் காலைல வாணலில வறுத்த மீனத்தான் நாக்கு கேக்குது.

ஏன் மொறைக்கற? மீன் தெறிக்காதுன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலயே, மச்சான். நாம பேக்கனப் பத்தித்தான பேசிக்கிட்டிருந்தோம்.