துத்தநாகக் கட்டியில் பூசிய வண்ணம்

துயரைத் தோளில் தாங்கித் தலைமையேற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அலையோடு போராடி முடி நரைத்த பெரியோர்களே, கரையில் காத்திருந்து கண் பூத்துப்போன தாய்மார்களே, படகுத்துறைத் தோழர்களே, கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

படகோட்டி அண்ணனின் படத்தின் முன் இப்போதுதான் தலைகுனிந்து நின்றோம். அவரைக் கொன்றது எது? புயலா? இல்லை. பாறையா? இல்லை. அன்பாகப் பூசிய பெயின்ட், தோழர்களே.

உப்புநீரில் இரும்பு அரிக்கும். படகைத் தள்ளும் வெண்கல விசிறி பக்கத்தில் சுழன்றால் இன்னும் விரைந்து அரிக்கும். அதனால்தான் படகின் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகிறோம். இரும்புக்கு வரும் அரிப்பை அவை ஏற்றுக்கொள்ளும்; தேயும்; தேய்ந்ததும் மாற்றுவோம். ஆனால் தண்ணீர் தொட்டால்தான் துத்தநாகம் காக்கும். பெயின்ட் மூடினால் அது வெறும் கட்டிதான்.

அண்ணன் அறுவைச் சிகிச்சைக்குப் படுத்திருந்தபோது, தச்சு வேலை பார்க்கும் அவர் தம்பி படகைக் கரையேற்றினார். துருவைச் சுரண்டினார். மேலும் கீழும் நீலம் பூசி மீண்டும் மிதக்கவிட்டார். தேறி வந்த அண்ணன் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்.

"அடியிலயும் அடிச்சியாடா?"

"ஒரு இடம் விடலண்ணா."

அண்ணன் தம்பியின் தோளைத் தட்டிக் கொடுத்தார். அவ்வளவுதான் பேச்சு. என்னம்மா, முன்வரிசையில் முகத்தை மூடிக்கொள்கிறீர்கள்? ஆம், நீங்கள் அஞ்சியதுதான் நடந்தது.

மாதங்கள் கழிந்தன. நீலத்தின் அடியில் இரும்பு ஓட்டையாகிக்கொண்டே வந்தது. ஒருநாள் பயணிகளோடு உப்பங்கழியைக் கடக்கையில் படகின் பின்பக்கம் நீர் புகுந்தது. பயணிகள் எல்லோரையும் இன்னொரு படகில் ஏற்றிவிட்டு, ஓட்டையை அடைக்க இயந்திர அறைக்குள் இறங்கினார் அண்ணன். இறங்கியவர் ஏறவில்லை.

மூழ்கிய படகைத் தூக்கி வந்தார்கள். மெக்கானிக் துத்தநாகக் கட்டியைச் சுரண்டினார். உள்ளே பளபளவென்று, புத்தம்புதிதாக இருந்தது.

"இது தேஞ்சிருக்கணும்," என்றார். "கொஞ்சங்கூடத் தேயல."

பக்கத்தில் நின்ற தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி அருகில் போய் அமர்ந்தார்.

"கட்டியில பூசக் கூடாதுன்னு உனக்கு யாரு சொன்னா? அவரே சொல்லலையே."

"கேட்டிருக்கலாமே அண்ணி."

அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டிருந்தால் நம்மில் எத்தனை பேர் சொல்லியிருப்போம்?

இதை மேடையில் சொல்லத் தயங்கினேன். தம்பியே வந்தார். "சொல்லுங்க. இன்னொருத்தன் கட்டியில பெயின்ட் அடிச்சிடக் கூடாது," என்றார். அண்ணியும் தலையசைத்தார்.

ஆகவே சொல்கிறேன். சுரண்டுங்கள், பூசுங்கள், கட்டியை மட்டும் விட்டுவிடுங்கள். தெரிந்தவர்களே, தம்பியிடம் சொல்லுங்கள், மகளிடம் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். நம் துறையில் ஒருவர் வாய் திறந்திருந்தால், இன்று அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவரும் நடமாடியிருப்பார்கள். ஒருவர் போய்விட்டார். இன்னொருவர் இருக்கிறார், அவ்வளவுதான்.

பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கும், சொல்ல அனுமதித்த அந்தக் குடும்பத்துக்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.