உணவுக்கு முன்

வெறும் வயிற்றோடு யாரும் எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பது என் கட்சி. அதனால்தான் இந்த ஸ்டேஷனில் நீங்கள் விசாரணையைத் தொடங்கும்போதே பிஸ்கட் கிடைக்குமா என்று கேட்டேன். கிண்டலாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மேடம். மருத்துவமனைச் சமையல்கூடத்தில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். பசியில் இருக்கும் நோயாளி டாக்டரைத் திட்டுவான், பெண்டாட்டியைத் திட்டுவான். சூடாக ஏதாவது உள்ளே போனதும் இருவரிடமும் அசடு வழிவான்.

எங்கள் சமையல்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வார்டுக்குப் போகும் ஒவ்வொரு சாப்பாட்டுத் தட்டின் ஓரத்திலும் ஒரு கிளிப் மாட்டுவோம். துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப்தான். சிவப்பு என்றால் மாத்திரையைக் கொடுத்த பிறகுதான் தட்டை நீட்ட வேண்டும். பச்சை என்றால் சாப்பிட்ட பிறகு மாத்திரை. நர்ஸ்களுக்கு எழுத்தைப் படிக்க நேரமிருக்காது, நிறத்தைப் பார்ப்பார்கள். இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவளே நான்தான். புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நான்தான்.

வீட்டில் நானும் என் தங்கையும் மட்டும். அம்மா போனபோது அவளுக்குச் செருப்பை இடம் வலம் பார்த்துப் போடத் தெரியாத வயது. அவளை வளர்ப்பதற்காக நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவ்வப்போது ஞாபகப்படுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அவளுக்கு நல்ல குரல். வீட்டில் எந்நேரமும் அறிவிப்புதான். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, குளியலறையில் இருக்கும் அக்கா இன்னும் சற்று நேரத்தில் வெளியே வந்து சேர்வார்" என்பாள். நானும் சிரிப்பேன். அந்த விளையாட்டு ஒருநாள் நிஜமானது. வேறொரு ஊரின் விமான நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு வைத்தார்கள், அவளை எடுத்துக்கொண்டார்கள். அன்று சாப்பிடும்போது, "நான் போயிட்டா நீ யாருக்குக்கா தட்டு வைப்ப? பேசாம ஒரு பூனை வளர்த்துக்கோ" என்றாள். அவளுக்கு அது விளையாட்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வுக்காக ராப்பகலாகப் பயிற்சி செய்து அவள் சோர்ந்துபோயிருந்தாள். டாக்டர் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். எல்லா வைட்டமினும் இரும்பும் சேர்ந்தது. கிளம்ப வேண்டிய நாள் காலையில், அவசரத்தில், அதை வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டேன். வண்டி வரும் முன்பே குடல் வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். பயணம் தள்ளிப்போனது. அன்று முழுவதும் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள், சின்ன வயதில் படுத்ததுபோல. முதல் நாள் கை தவறியது, மேடம். இரண்டாம் நாள் தவறவில்லை.

குமட்டலுக்கு டாக்டர் இன்னொரு மாத்திரை கொடுத்தார், சில நாட்களுக்கு மட்டும். தங்கை எதிலும் ஜாக்கிரதை. "ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமான்னு கடையில கேட்டுட்டு வாக்கா" என்றாள். கேட்டேன். மருந்துக்கடைக்காரர் பொறுமையான மனிதர். "ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடாதும்மா, பயப்படாம கொடுங்க. ஆனா இந்தக் குமட்டல் மாத்திரையை இழுத்துக்கிட்டே போகக் கூடாது. ரொம்ப நாள் சாப்பிட்டா சிலருக்கு வாயும் நாக்கும் தானா அசைய ஆரம்பிச்சிடும். அப்புறம் மாத்திரையை நிறுத்தினாலும் அது நிக்காம போகலாம்" என்றார். பாதிப் பதிலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மீதியை நானே வைத்துக்கொண்டேன்.

அவர் சொன்னது சரிதான். இரண்டும் சண்டை போடவில்லை. ஒன்றுக்கொன்று வேலை கொடுத்துக்கொண்டன. வெறும் வயிற்றில் சத்து மாத்திரை குமட்டலைக் கொண்டுவரும். குமட்டல் மாத்திரை அதை அடக்கித் தூக்கத்தைக் கொண்டுவரும். தூங்கித் தூங்கி அவள் துவண்டுபோவாள். துவண்டவளுக்குச் சத்து வேண்டாமா? டாக்டர் பரிசோதனைகள் செய்து பார்த்துவிட்டு, புது வேலை பற்றிய பயம்தான் காரணம் என்றார். நானும் ஆமாம் என்றேன். மருத்துவமனையில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். நடைபாதையில் ஏதாவது ஒரு டாக்டரை நிறுத்தி, "தங்கச்சிக்கு இன்னும் குமட்டுது சார்" என்றால் மறுபடி எழுதிக்கொடுப்பார்.

அவள் வாந்தி எடுக்கும்போதெல்லாம் நான்தான் முடியைப் பிடித்துக்கொள்வேன். வாயைத் துடைத்துவிடுவேன். "நீ இல்லன்னா நான் செத்தே போயிருப்பேன்க்கா" என்பாள். அந்த வார்த்தை எவ்வளவு இனிப்பு என்று உங்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

விமான நிலையத்தில் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு பெண்ணை வைத்துக்கொண்டார்கள். அத்தோடாவது நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உலகத்தில் விமான நிலையம் ஒன்றுதானா?

பிறகு ஒரு மத்தியானம், பழைய நினைப்பில் அவள் அறிவிப்பு சொல்லிப் பார்த்தாள். "பயணிகளின் கனி" என்பதோடு நின்றது. உதடு தானாகக் குவிந்தது. நாக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. வாயில் ஒன்றுமில்லாமலே மென்றுகொண்டிருந்தாள். பயந்துபோய் என்னைப் பார்த்தாள். கடைக்காரர் சொன்னது இதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சோர்வுதான் காரணம் என்று சொல்லி அன்றைய மாத்திரையைக் கொடுத்தேன். அப்புறம் எனக்கு நன்றாகப் பசித்தது.

நான் மாட்டிக்கொண்டது உங்கள் சாமர்த்தியத்தால் இல்லை. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்களே, என் கை அப்படி. மாத்திரை என்று ஒன்றைக் கண்டால் கிளிப் மாட்டாமல் இருக்காது. எங்கள் சமையல்கூடத்தில் காய் நறுக்குகிற ஒரு பெண் இருக்கிறாள், குண்டூசி என்று கூப்பிடுவோம். உடம்பும் அப்படி, நாக்கும் அப்படி. தங்கையைப் பார்க்கப் பழத்தோடு வந்தவள், அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாக்களைப் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, சத்து மாத்திரைக்குச் சிவப்பு மாட்டியிருக்கீங்க? இரும்பு இருக்கு, வெறும் வயித்துல கொடுத்தா குமட்டும், பச்சைதான் மாட்டணும்னு எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே?"

"கை தவறிடுச்சுடி" என்றேன்.

"உங்களுக்கா?" என்றாள். தங்கையின் பக்கம் திரும்பி, காலையில் மாத்திரை முதலில் வருமா, சாப்பாடு முதலில் வருமா என்று கேட்டாள். மறுநாளே டாக்டரையும் உங்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

ஆமாம், தெரிந்தேதான் கொடுத்தேன். குமட்டும் என்று தெரிந்து ஒன்றை, வாய் போகும் என்று தெரிந்து மற்றொன்றை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இத்தனை நாளில் ஒரு வேளைகூட அவளைப் பட்டினி போட்டதில்லை. அதையும் எழுதுங்கள்.

இப்போது எங்கள் மருத்துவமனையிலேயே படுத்திருக்கிறாள் என்கிறீர்கள். வாயின் ஆட்டம் நிற்குமா என்று டாக்டர்களால் சொல்ல முடியவில்லை என்கிறீர்கள். இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று அவள் சொன்னாளாம், ஒவ்வொரு வார்த்தையாக, திக்கித் திக்கி. நான் நம்ப மாட்டேன் மேடம். அவள் அப்படிப்பட்ட பெண் இல்லை. எங்கள் சமையல்கூடத்திலிருந்து தட்டு போக இப்போதெல்லாம் தாமதமாகும், நான் இல்லை அல்லவா. எனக்காக ஒன்று மட்டும் விசாரித்துச் சொல்லுங்கள். அவள் அதைச் சொன்னது சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?