முதல் ஸ்கிரீனில் பிணவறை

மயிலாப்பூரிலிருந்து அடையாறு போகும் ஷேர் ஆட்டோவில், என் பக்கத்தில் ஒரு பெண்ணும் அவளுடைய மேலதிகாரியும் உட்கார்ந்திருந்தார்கள்.

“பிணவறைக்கு முதல் ஸ்கிரீன்லயே பட்டன் இருக்கும் சார்,” என்றாள் அவள்.

“ஆஸ்பத்திரிக்குள்ள வழி காட்டற மெஷின்மா அது. நுழைஞ்சதும் அதையா காட்டுவ? அபசகுனம்னு ஆஸ்பத்திரிக்காரங்க சங்கடப்படறாங்க. உள்ள எங்கயாவது தள்ளிடு.”

“எங்கப்பா தவறின அன்னிக்கு, அந்த வார்த்தையைச் சொல்லி யார்கிட்டயும் வழி கேக்க எனக்கு வாய் வரல சார். மாடி மாடியா ஏறி எறங்கினேன்.”

ஆட்டோ அடையாறு பாலத்தைத் தாண்டியது.

“சரி, இருக்கட்டும். அவங்ககிட்ட நான் பேசிக்கறேன். எழுத்தையாவது கொஞ்சம் சின்னதா வை.”

“பெருசாத்தான் சார் வைக்கணும். அழுதுட்டே வர்றவங்க கண்ணுக்குச் சின்ன எழுத்து தெரியாது.”