கடைசிக் கிலோமீட்டர்

ஓட ஆரம்பித்தால் முதலில் போவது தொப்பை என்று நினைக்கிறார்கள். இல்லை மேடம். கால் கட்டைவிரல் நகம். என்னுடையது படப்பையில் ஒரு செருப்புக் கடையில் கழன்றது. புது ஷூவுக்குள் காலை விட்டு எடுத்தேன், நகம் உள்ளேயே தங்கிவிட்டது. கடைக்காரர் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி எடுத்துக் கொடுத்தார். அதைப் படம் எடுத்து எங்கள் ஓட்டக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முப்பது பேர் கைதட்டினார்கள். மகள் காலேஜில் முதல் வகுப்பில் தேறியபோது பதினொரு பேர்தான்.

உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் நிதானமாகவே எழுதட்டும். ஓரகடத்தில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் நான் எச்.ஆர். மேனேஜர். திருமலை என்றால் கேட்டிலேயே தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எத்தனையோ தொழிலாளிகளிடம் வாக்குமூலம் வாங்கியவன். குறுக்கே பேசாமல் இருந்தால் எதிராளி எல்லாவற்றையும் தானே சொல்லிவிடுவான். நீங்களும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், மதிவதனி மேடம். நல்ல முறை.

எங்கள் குழுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாரும் மேனேஜர்கள். வாரத்தில் ஒரு நாள் ஓடுவோம், மீதி நாளெல்லாம் அதைப் பற்றிப் பேசுவோம். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கண் விழித்ததும், எழுந்து உட்காரும் முன்பே, கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்துக் குழுவில் போட வேண்டும். துடிப்பு எவ்வளவு குறைவோ, இதயம் அவ்வளவு பலம். குவாலிட்டி மேனேஜர் ஐம்பத்தெட்டு போடுவார். பர்ச்சேஸ்காரர் ஐம்பத்தைந்து என்பார், அவர் போடுகிற விலைப்பட்டியலைப் போலவே அதையும் யாரும் நம்புவதில்லை. புதிதாக வந்த பிளான்ட் ஹெட் மட்டும் நாற்பத்தெட்டு. அவர் அதைப் போட்ட நாளில் அவருக்குப் பிறகு யாரும் தங்கள் எண்ணைப் போடவில்லை. எனக்கு எழுபத்துநாலு. மூச்சை அடக்கிப் பார்த்தால் எழுபது.

கேட்டில் லாசர் என்று ஒரு செக்யூரிட்டி. பக்கத்துக் கிராமத்துக்காரர், ஞாயிறு பூசையைத் தவறவிடாதவர். நான் ஒருநாள் கம்பெனிச் சாலையில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"இன்னா சார், யாருனா தொரத்தினு வராங்களா?"

"ரன்னிங், லாசர்."

"ரன்னிங்கா? அப்ப கொஞ்சம் ஓடு சார்."

நான் சிரித்தேன். மறுவாரம் அவருக்கு நைட் டூட்டி போட்டேன். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

அதே சாலையில்தான் இசக்கிபாண்டி என்னைத் தாண்டினான். தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் கான்ட்ராக்ட் தொழிலாளி. சங்கரன்கோவில் பக்கம். ஷிப்ட் முடிந்து மாத்தூரில் இருக்கும் ரூமுக்கு ஷேர் ஆட்டோவுக்காக நிற்காமல் ஓடியே போகிற பழக்கம் அவனுக்கு. காலில் கம்பெனி கொடுத்த இரும்பு மூக்கு ஷூ, கையில் டிபன் பாக்ஸ். என்னைக் கடக்கும்போது "குட்மார்னிங் சார்" என்றான். அவனுக்கு மூச்சு வாங்கவில்லை. முந்திப் போகிறவன் குட்மார்னிங் சொல்லக் கூடாது மேடம். அது ஓர் இங்கிதம்.

பிளான்ட் ஹெட்டுக்கு ஒரு கொள்கை. நெடுந்தூரம் ஓடாதவனுக்கு ஒழுக்கம் இருக்காது, ஒழுக்கம் இல்லாதவனிடம் பெரிய பொறுப்பைக் கொடுக்க முடியாது. எனக்கு மேலே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. ஏரியாத் தொழிற்சாலைகள் எல்லாம் சேர்ந்து ஹாஃப் மாரத்தான் நடத்தப்போவதாக அறிவிப்பு வந்த அன்று, கேன்டீனில் எல்லார் முன்னாலும், இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குமுன் நான் ஓடிய அதிகபட்ச தூரம் எட்டுக் கிலோமீட்டர். அதிலும் நடுவில் ஓர் இளநீர்.

இசக்கிபாண்டியைக் கேபினுக்குக் கூப்பிட்டேன்.

"ஹாஃப் மாரத்தான் ஓடுவியா தம்பி?"

"அது எம்புட்டு தூரம் சார்?"

"இருபத்தோரு கிலோமீட்டர்."

"அதுவா. எங்கூர்ல இருந்து கோயிலுக்குப் போய்ட்டு வாற தூரந்தான். ஓடிருவேன் சார். எதுக்கு ஓடணும்?"

எதற்கு என்று அதுவரை எங்கள் குழுவில் யாரும் கேட்டதில்லை. சொன்னேன். என் நம்பரை நெஞ்சில் குத்திக்கொண்டு அவன் ஓட வேண்டும். நேரத்தைக் கணக்கெடுக்கிற சில்லு அந்த நம்பர் அட்டையின் பின்னால் ஒட்டியிருக்கும், ஆளை யாரும் பார்ப்பதில்லை. கடைசிக் கிலோமீட்டர் தொடங்குகிற இடத்தில் சர்வீஸ் ரோட்டில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கும். அவற்றின் பின்னால் என் காரோடு நான் இருப்பேன். அங்கே அட்டை என் நெஞ்சுக்கு மாறும், முடிவுக்கோட்டை நான் தாண்டுவேன். இது ஊரில் இல்லாத வழக்கமில்லை. எங்கள் குழுவிலேயே இரண்டு மெடல்கள் அப்படி வந்தவை.

பதிலுக்கு அவனைப் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொன்னேன். "சத்தியமா சார்?" என்று கேட்டான். அவனுக்கு ஒரு தங்கை, தங்கமாரி. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கம்பெனி வேலை, ஹாஸ்டலில் ஓர் அறைக்கு எட்டுப் பேர். பர்மனென்ட் ஆனால் படப்பையில் வீடு பிடித்து அவளை அழைத்துவந்துவிடலாம் என்றான்.

"அவ ஓட்டத்தைப் பாக்கணும்ங்கா சார். நா ஓடி அவ பாத்ததே இல்ல."

"முடிவுக்கோட்டுக்கு நீ வரமாட்டியே தம்பி."

"பொறத்தால நடந்து வந்துருதேன் சார். நம்பர் இல்லாட்டி என்ன."

பந்தயத்துக்கு முந்தின நாள் மறுபடி வந்தான். கண் சிவந்திருந்தது. "சார், ரெண்டு நாளா ஒடம்பு அனலாக் கெடக்கு. இன்னைக்கு நைட் ஷிப்ட மட்டும் மாத்திக் குடுங்க. தூங்கிட்டு ஓடிருதேன்."

மாற்றியிருக்கலாம். மாற்றினால் புரொடக்‌ஷனில் ஏன் என்று கேட்பார்கள். "வேர்த்தா காய்ச்சல் எறங்கிடும் தம்பி" என்றேன். "சரி சார்" என்றான். சரி சார் என்று சொல்ல அவர்களைப் பழக்குவதே நாங்கள்தான். அதற்கு இன்டக்‌ஷன் பயிற்சி என்று பெயர்.

ஞாயிறு விடியற்காலையில், ஷிப்ட் முடித்த கையோடு வந்தவனுக்கு நம்பரைக் குத்திவிட்டேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. என் கடிகாரத்தையும் அவன் கையில் கட்டினேன். அது சிம் போட்ட கடிகாரம். ஓடுகிறவன் எங்கே இருக்கிறான், இதயம் எப்படி அடிக்கிறது என்று என் செல்லிலும் என் மனைவி செல்லிலும் அப்போதைக்கப்போது காட்டும். ஓடியதை நாலு பேர் பார்க்காவிட்டால் ஓடாததற்குச் சமம்.

கண்டெய்னர்களுக்குப் பின்னால் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் வருவதைச் செல்லில் பார்த்ததும் இறங்கி, பாட்டில் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றிக்கொண்டேன். வியர்வைக்கு.

வந்தான். கோணல்மாணலாக வந்தான். ஒரு லாரியின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்து உட்கார்ந்தான். அவன் உடம்பில் ஒரு பொட்டு வியர்வை இல்லை மேடம். கையைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி இருந்தது.

"நம்பரக் கழத்திக்கிடுங்க சார்" என்றான். அதன்பிறகு அவன் பேசியது என்னிடம் இல்லை. "தங்கம், கதவத் தொற" என்றான். இரண்டு தரம் சொன்னான்.

நாலு ஊக்குகள். மூன்றைச் சுலபமாகக் கழற்றிவிட்டேன். நாலாவது அவன் தோலில் ஏறிவிட்டது. ரத்தம் வந்தது, அவன் முகம் சுளிக்கவில்லை. அப்போதே உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டுமே என்று கேட்கிறீர்கள். புரிந்தது.

ஆம்புலன்ஸ் இருநூறு அடியில் நின்றது. அதைக் கூப்பிட்டால் நம்பர் இல்லாத இந்த ஆள் யார் என்று கேட்பார்கள், நம்பரைக் கழற்றாமல் கூப்பிட்டால் விழுந்துகிடப்பது திருமலை என்று ஆகும். இரண்டுமே சரிவராது. வெயில் படக் கூடாதே என்று அவனை இரண்டு லாரிகளுக்கு நடுவே இழுத்து நிழலில் விட்டேன். பாட்டிலில் இரண்டு மடக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. மூடியை இறுக்கி அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன், கொட்டிவிடக் கூடாதே என்று. கார் அங்கேதான் நிற்கிறது, எப்படியும் நான் அங்கே திரும்பித்தான் ஆக வேண்டும். இதைக் கவனியுங்கள். விட்டுவிட்டு ஓடுகிறவன் காரை அங்கே விட்டுப்போக மாட்டான்.

பிறகு ஓடினேன். ஒரு கிலோமீட்டரும் நிற்காமல் ஓடினேன். மைக்கில் என் பெயர் கேட்டது. பிளான்ட் ஹெட் கட்டிப்பிடித்தார். மெடல் போட்டார்கள், படம் எடுத்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கையில் பழைய குளிர்பான பாட்டில் நிறைய மோர்.

"சார், அது எங்கண்ணன் நம்பர்லா?"

"எந்த நம்பரும்மா?"

"நெஞ்சுல குத்திருக்கீங்கள்லா. போட்டோ புடிச்சு அனுப்பிருந்தான் சார். இதே நம்பர்தான்."

அவன் அவளிடம் நம்பரைச் சொல்லியிருக்கிறான், ஏற்பாட்டைச் சொல்லவில்லை. வெட்கப்பட்டிருப்பான்.

"அண்ணன் பின்னால வர்றாம்மா. கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துட்டு வர்றான்."

"அவனா? அவன் ஓட்டத்துல நிக்கவே மாட்டானே சார்."

படமெல்லாம் எடுத்து முடிந்திருந்ததால் மெடலைக் கழற்றி அவள் கையில் வைத்தேன். "வந்ததும் அண்ணன் கழுத்துல நீயே போட்டுவிடு" என்றேன். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மோர் பாட்டிலை இடுக்கிக்கொண்டு முடிவுக்கோட்டுக்குப் பக்கத்தில் போய், சாலையைப் பார்த்து நின்றாள்.

அப்போது என் மனைவி சந்திரலேகாவின் போன்.

"என்னங்க, முடிச்சிட்டீங்களா இல்லையா? குரூப்ல உங்க போட்டோ வந்திடுச்சு. இதுல பாத்தா லாரி ஸ்டாண்டுகிட்டயே நிக்கிறீங்க. துடிப்பு நூத்தி எண்பதுக்கு மேல காட்டுது. பயமா இருக்கு."

"வாட்ச் மக்கர் பண்ணுது லேகா."

"அப்ப அது யாரோட துடிப்புங்க?"

சில நேரங்களில் அவள் இப்படிக் கேட்பாள். போனை வைத்துவிட்டேன்.

மேடையில் என்னை ஒழுக்கத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். பேசினேன். நன்றாகவே பேசினேன். இறங்கிவந்ததும் தட்டில் பொங்கலும் வடையும் வைத்தார்கள். இடது கையில் செல்லைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிட்டேன். நூற்று நாற்பது. நூற்றுப் பத்து. நிழலில் படுத்திருக்கிறான், இறங்கத்தானே செய்யும். எங்கள் குழுவில் யாருக்கும் அவ்வளவு வேகமாக இறங்கியதில்லை. எழுபதைத் தாண்டி, அறுபதைத் தாண்டி, ஐம்பத்தைந்துக்கு வந்தது. பிளான்ட் ஹெட்டின் நாற்பத்தெட்டை அவன் கடந்தபோது நான் வடையைக் கீழே வைத்தேன். நாற்பத்துநாலு. எனக்கு அவன்மேல் வந்தது பொறாமை மேடம். என்ன இதயம் என்று நினைத்தேன். வேறு எதையாவது நினைத்தேனா என்று கேட்டால், அதையும் நினைத்தேன். இரண்டையும் ஒரே நேரத்தில் நினைக்க முடிகிறது. அதன்பிறகு எண் போய் இரண்டு கோடுகள் மட்டும் நின்றன. கடிகாரப் பட்டை தளர்ந்திருக்கும் என்று செல்லைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

பிளான்ட் ஹெட் தன் காரில் வீட்டில் விடுவதாகச் சொன்னார். காலியாக இருந்த அந்த நாற்காலியைப் பற்றி வழியில் பேச வேண்டும் என்றார். என் கார் வேறிடத்தில் நிற்கிறது என்று எப்படிச் சொல்வது. ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் கோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றாள். துடைப்பக்காரர் அவளைச் சுற்றிக்கொண்டு பெருக்கினார்.

அவனைப் பார்த்தது லாசர்தான் என்று நீங்கள் சொன்னீர்கள். பூசை முடிந்து மொபெட்டில் வந்தவர், ஒதுங்கப் போன இடத்தில் பார்த்திருக்கிறார். "சட்டைல நாலு ஊக்கு ஓட்ட கீது, நம்பரக் காணோம். பத்தடியில நம்ம எச்சார் சார் வண்டி நிக்குது" என்று சொன்னாராம். கூர்மையான ஆள். நைட் டூட்டியில் வீணாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

இசக்கிபாண்டியைக் கொன்றது நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். இந்த மாதிரித் தாள்களில் எங்கே தகராறு வரும் என்று எனக்குத் தெரியும், நான் தகராறு செய்யப்போவதில்லை. அவன் ரூமில் கேட்டால் எல்லாரும் நல்ல பையன் என்றுதான் சொல்வார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன்.

ஒரே ஒரு விஷயம். அந்தப் பெண் மெடலை உங்களிடம் ஒப்படைத்துவிட்டதாகச் சொன்னீர்கள். வழக்கெல்லாம் முடிந்தபிறகு அதை என்னிடம் சேர்க்க முடியுமா என்று பாருங்கள். கடைசிக் கிலோமீட்டரை ஓடியது நான்தானே.