மலைப்பக்கத்துப் பைப்பு

இந்தப் பைப்பில் ஆள் ஏறி நின்றால் தாங்குமா என்று கேட்டீர்கள். தாங்கும் ஐயா. பொருத்துகிற விதத்தில் பொருத்தினால் யானை ஏறி நின்றாலும் தாங்கும். நின்றதைப் பார்த்தவன் நான். வண்டிப் பாடிக்கும் பைப்புக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வேண்டும், அவ்வளவுதான். குறைந்தால் உரசும், கூடினால் பாறையில் மாட்டும். உங்கள் போலீஸ் ஜீப்பில் யாரோ கண்ணை மூடிக்கொண்டு மாட்டியிருக்கிறார்கள். அந்த ஸ்டூலில் உட்காருங்கள். கழற்றி மாட்டுவதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

போடியில் ஜீப்புகளுக்கு இந்தப் பைப்பை முதலில் மாட்டியவன் நான்தான். மலைக் கணவாய் மெட்டுக்கு மேலே எஸ்டேட் பாதைகளில் பாறை இடித்து வண்டியின் பக்கத் தகடு நசுங்கிவிடும். இரண்டு பக்கமும் அடியில் கனத்த பைப்பு இருந்தால், பாறை அதில் பட்டு வண்டி வழுக்கிக்கொண்டு போய்விடும். அதற்காக மாட்டியது. நம் ஆட்கள் சும்மா விடுவார்களா. அதன்மேல் ஏறி நிற்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கன்னையன் ஓட்டிய எஸ்டேட் ஜீப்பில் அப்படி நிற்கிறவன் வீரணன். சிலமலைக்காரன், எஸ்டேட்டில் கங்காணி, ஆள் நெல் மூட்டை மாதிரி. மெட்டுக்கு அந்தப் பக்கம் ஆமைப்பாறை என்று ஒரு இடம் உண்டு. இடது கைப்பக்கம் மலை, வலது கைப்பக்கம் பள்ளம். மலைப்பக்கத்துச் சக்கரங்கள் பாறைமேல் ஏறும்போது வண்டி பள்ளத்துப் பக்கம் சாயும். "மாப்ளே, மலப்பக்கம்" என்று கன்னையன் குரல் கொடுப்பான். முன்சீட்டில் இருக்கும் வீரணன் இடது பக்கப் பைப்பில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து நிற்பான். அவன் கனத்துக்கு வண்டி நிமிர்ந்துகொள்ளும். இந்த யோசனையைக் கொடுத்ததும் நான்தான். இதே பட்டறையில் வண்டிக்கு ஒரு பக்கம் ஜாக்கி வைத்து, வீரணனை ஏற்றி இறக்கிக் காட்டினேன்.

வீரணன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், கூலியாட்களைத் திட்ட மாட்டான். அவனிடம் ஒரே ஒரு பழக்கம். நான் கதை சொன்னால் முடிவை அவன் சொல்லிவிடுவான்.

நீங்கள் ஊருக்குப் புதிது. சாயங்காலம் டீக்கடையில் இந்தத் தவசி வாயைத் திறந்தால் கிளாஸ் கழுவுகிறவன்கூடக் கையை நிறுத்திவிடுவான். மெட்டில் மூடுபனியைச் சாக்கில் பிடித்துக் கட்டி, சித்திரை வெயிலில் போடிச் சந்தையில் விற்ற கதை ஒன்று வைத்திருக்கிறேன். அதைப் பதமாகச் சொல்லிக்கொண்டு வந்து, சாக்கை அவிழ்க்கிற இடத்தில் டீயை ஒரு வாய் குடிப்பேன். அந்த ஒரு வாய்க்குள் வீரணன், "அவுத்துப் பாத்தா சாக்கு மட்டுந்தேன் ஈரமா இருந்துச்சு. அதானண்ணே" என்பான்.

"ஒனக்கு எப்டிடா தெரியும்?"

"போன மாசம் நீங்கதான சொன்னீக. அப்ப வித்தது தேனிச் சந்தையில."

கடையே சிரிக்கும். அது எனக்கு வரவேண்டிய சிரிப்பு. ஒருத்தன் சோற்றில் கைவைத்தால் ஊர் தட்டிக் கேட்கும். கதையில் கைவைத்தால் கேட்க ஆளில்லை.

எமர்ஜென்சி இருந்த வருஷம், மழை ஓய்ந்த சமயம். "பைப்பு பாடில ஒரசுதுண்ணே, கொஞ்சம் சரிபண்ணிக் குடுங்க" என்று கன்னையன் வண்டியைக் கொண்டுவந்தான். சரிபண்ணினேன். வலது பக்கம் இரண்டு விரல் இடைவெளி வைத்து, ஸ்பானர் போட்டு முறுக்கினேன். இடது பக்கம் இடைவெளி வைத்தேன், நட்டுகளைக் கையால் திருகியதோடு விட்டேன். மலை ஏறுகிற குலுக்கலில் அவை கழன்று வரும். ஏறி நின்றால் பைப்பு இறங்கும். வீரணன் மலைப்பக்கத்துச் சேற்றில் விழுவான். கால் சுளுக்கும். கொஞ்ச நாள் டீக்கடைப் பக்கம் வரமாட்டான். நான் நினைத்தது இவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பட்டறை வாசலில்தான் ஜீப்பு ஆள் ஏற்றியது. என் சம்சாரம் அன்னக்கொடியும் அந்த எஸ்டேட்டில் ஏலக்காய் எடுக்கிறவள். தூக்குவாளியோடு உள்ளே உட்கார்ந்திருந்தாள். நான் போய், "எறங்கு, ஒனக்குக் காச்சலடிக்குது" என்றேன்.

"எனக்கா? நல்லாத்தான இருக்கேன்."

"எறங்குங்கறேன்ல."

கன்னையன் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தான். "மதினிய விட்டுட்டு அண்ணனால ஒரு பொழுது இருக்க முடியல போல. வெரசா எறங்குங்க மதினி, மேல சோலி கெடக்கு."

வண்டியில் இருந்த பெண்களும் சிரித்தார்கள். அடுத்த ஜீப்புக்காக நின்றிருந்த பொன்னுமணி, புதிதாகக் கல்யாணமானவள், காலியான இடத்தில் ஏறிக்கொண்டாள்.

ஆமைப்பாறையில் பைப்பு கழன்றது. நான் நினைத்தபடியே வீரணன் மலைப்பக்கத்துச் சேற்றில் விழுந்தான். நினைத்தபடியே கால் சுளுக்கியது. வண்டிதான் பள்ளத்துக்குப் போய்விட்டது. கன்னையனோடு சேர்த்து ஏழு பேர்.

ஆள் கனம் தாங்காமல் பைப்பு விட்டுவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். வீரணனும் அதையே நம்பினான். "என் ஒடம்புக் கனந்தாண்ணே எல்லாரையும் கொன்னுபோட்டுச்சு" என்று, இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். விதி அப்பு, நீ என்ன செய்வாய் என்று நான்தான் தேற்றினேன். பட்டறைப் பையனை டீ வாங்கிவரச் சொன்னேன். அவன் குடிக்கவில்லை. அதிலிருந்து சாப்பாட்டையும் குறைத்துவிட்டான்.

டீக்கடைக்கு மட்டும் வருவான். சாக்கை அவிழ்க்கிற இடத்தில் நான் ஒரு வாய் குடிப்பேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டு இருப்பான். ஒரு வார்த்தை வராது. அந்த அமைதியில் பாறைமேல் பைப்பு இழுபடுகிற சத்தம் எனக்குக் கேட்கும். நான் அங்கே இருந்தவனே இல்லை, எப்படிக் கேட்கிறதோ. கதையை முடிக்காமல் எழுந்து வந்துவிடுவேன். பதினோரு வருஷமாக அந்தச் சாக்கு அவிழவே இல்லை.

போன மாசம் வீரணன் செத்தான். தூக்கிப்போனவர்கள் பாடையில் கனமே இல்லை என்றார்கள். அதற்கப்புறம் டீக்கடையில் இதை உள்ளபடி சொன்னேன். சிரித்தார்கள். மறுபடி சொன்னேன், மறுபடி சிரித்தார்கள். இன்னொரு நாள் ஆரம்பித்தபோது, "நட்டக் கையாலயே திருகினீக. அதானண்ணே" என்று எவனோ முடித்துவைத்தான்.

நீங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள், இப்போது நிறுத்திவிட்டீர்கள். சம்சாரத்தை ஏன் இறக்கினாய் என்கிறீர்கள். டீக்கடையில் இதை ஒருத்தரும் கேட்கவில்லை. அன்னக்கொடியும் கேட்டதில்லை. அன்றிலிருந்து சோற்றை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

காய்ச்சல் என்றுதான் எனக்கே இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நெற்றியை நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை ஐயா. ஒருத்தன் மட்டும்தான் விழுவான் என்று நினைத்தவன், உள்ளே உட்கார்ந்திருந்தவளை எதற்காக இறக்கப்போகிறான்.

ஆயிற்று. இரண்டு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி. ஏறி நின்று பாருங்கள்.